வாசல்வரை வராத சலுகை

சட்டத்தில் உரிமை இருக்கிறது. கஜானாவில் பணம் இருக்கிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது. ஆனால், அந்தப் பணம் மட்டும் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு வந்து சேரவில்லை! கொடுக்க மறுத்தார்களா? இல்லை. கேட்கவில்லை; அதனால் கொடுக்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்கலாம் என்பதே தெரியாது!

இது நடந்த இடம் எது தெரியுமா, தோழர்களே? பஞ்சம் பிடித்த நாடு ஒன்றுமல்ல. செல்வச் சீமை என்று ஏடுகளெல்லாம் புகழ்பாடும் அமெரிக்கா! குழந்தைகளுக்காகப் பெற்றோர் பெறவேண்டிய வரிச் சலுகை ஒன்று, அங்கே ஏராளமான ஏழை வீடுகளின் வாசலை மிதிக்காமலே போயிற்று. நமக்கும் அதிலே பாடம் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விளக்கமாகவே சொல்ல விரும்புகிறோம்.

அந்தச் சலுகைக்குக் குழந்தை வரிக்கழிவு என்று பெயர். 1997-இல், கிளின்டன் ஆட்சியில் சட்டமாயிற்று. 1998-ஆம் ஆண்டுக்குக் குழந்தை ஒன்றுக்கு 400 டாலர். படிப்படியாக உயர்ந்து, 2018 முதல் 2,000 டாலர் ஆயிற்று. ஒருவர் கட்டவேண்டிய வருமான வரியில் இந்தத் தொகையைக் கழித்துக் கொள்ளலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வரி கட்டுகிறவன் கழிப்பான். வரியே கட்டவேண்டாத அளவுக்குக் குறைந்த கூலி வாங்குகிறவன் எதிலிருந்து கழிப்பான்? அவன் வீட்டிலும் குழந்தை உண்டே! அதற்கும் பசிக்குமே!

இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருந்தார்கள். வரி இல்லாதவருக்கு ஓரளவு ரொக்கமாகத் தருவோம் என்றார்கள். எப்படித் தந்தார்கள்? ஆண்டு வருமானத்தில் முதல் 2,500 டாலரைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் நூற்றுக்கு 15 வீதம். அதற்கும் ஓர் உச்சவரம்பு!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவன் துணையின்றி இரண்டு குழந்தைகளை வளர்க்கும் ஒரு தாய். ஓட்டலில் தட்டுக் கழுவி ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பாதிக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். 2020-இல் இருந்த சட்டப்படி அவளுக்குக் கிடைப்பது 1,125 டாலர். இரண்டு குழந்தை உள்ள ஒரு சீமான். அவரும் அவர் மனைவியுமாக ஆண்டுக்கு 4,00,000 டாலர் வருமானம். அவர்களுக்குக் கிடைப்பது முழுத்தொகை 4,000 டாலர்! தட்டுக் கழுவியவளின் குழந்தைக்குக் கால் வயிறு. சீமான் வீட்டுக் குழந்தைக்கு முழு வயிறு! அந்த நாட்டுக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், பெற்றோரின் வருமானம் போதவில்லை என்ற காரணத்தாலேயே முழுச் சலுகை பெறாதிருந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏழ்மைக்கு மருந்து என்று சொல்லி, ஏழ்மையையே குற்றமாக்கும் விந்தை இது!

பிறகு கொரோனா வந்தது. கடைகள் மூடின; கூலி நின்றது. 2021 மார்ச் 11 அன்று ஜனாதிபதி பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஓராண்டுக்கு மட்டும் முறை மாறிற்று. 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர்; 6 முதல் 17 வயது வரை 3,000 டாலர். பெற்றோருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் முழுத்தொகை. அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் முன்பணமாகத் தருவது. மறுபாதியை, அடுத்த ஆண்டு வரிக்கணக்கு எழுதி அனுப்பும்போது தருவது.

2021 ஜூலை 15 அன்று முதல் தவணை போயிற்று. ஏறத்தாழ 3.5 கோடிக் குடும்பங்கள். 6 கோடிக் குழந்தைகள். 1,500 கோடி டாலர்! அந்தப் பணம் எங்கே போயிற்று? குடிக்கும் கூத்துக்குமா? சர்க்காரின் மக்கள் கணக்கெடுப்பு இலாகாவே குடும்பங்களைக் கேட்டது. சோற்றுக்கு, துணிக்கு, பள்ளிச் செலவுக்கு என்று பதில் வந்தது. சர்க்கார் உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவையின்படி, 2020-இல் நூற்றுக்கு 9.7 ஆக இருந்த குழந்தை வறுமை, 2021-இல் 5.2 ஆகக் குறைந்தது. வறுமை ஒழியவே ஒழியாது, அது தலைவிதி என்று பேசுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை படிக்கட்டும்!

இவ்வளவும் சரி. ஆனால் யாருக்குக் கிடைக்கவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வரி இலாகாவுக்கு யாரைத் தெரியும்? வரிக்கணக்கு அனுப்பியவரைத் தெரியும். முந்திய ஆண்டுகளில் கணக்கு அனுப்பியவர் வீட்டுக்குப் பணம் தானாகவே சென்றது. குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே சம்பாதிக்கிறவர் கணக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. "நீ அனுப்ப வேண்டாம்" என்று ஒரு கை சொல்கிறது. "நீ அனுப்பாததால் உனக்குப் பணம் இல்லை" என்று மறு கை சொல்கிறது! பரம ஏழை எவனோ, அவன் பெயர்தான் இலாகாவின் ஏட்டில் இல்லை. எவனுக்கு மிகவும் தேவையோ, அவனே ஏட்டுக்கு வெளியே நின்றான்.

அவன் கணக்கு எழுதினால் என்ன என்று கேட்கலாம். பாங்குக் கணக்கு இல்லாதவர் உண்டு. இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று அலைபவர் உண்டு. பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டி உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதவர் உண்டு. வரி இலாகா என்ற பெயரைக் கேட்டாலே, "ஏதாவது பாக்கி என்று பிடித்துக் கொள்வார்களோ" என்று அஞ்சுபவர் உண்டு. இவர்களுக்காக இலாகா 2021 ஜூனில் ஓர் இணைய வாசல் திறந்தது. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கைப்பேசியில் நிரப்புவதும் கடினம். கணினி இல்லாத ஏழைக்குக் கணினி வழியே கதவு! பின்னர் செப்டம்பரில்தான், கோட் ஃபார் அமெரிக்கா என்ற தொண்டு அமைப்பு, கைப்பேசியிலேயே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நிரப்பக்கூடிய எளிய வழி ஒன்றை அமைத்துக் கொடுத்தது.

2022 அக்டோபரில் வரி இலாகா ஒரு காரியம் செய்தது. குழந்தைச் சலுகையோ வேறு கொரோனா கால உதவிகளோ வரவேண்டியிருந்தும் கேட்காதவர்களாகத் தோன்றிய 90 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் எழுதியது. ஒரு நகரமல்ல, ஒரு மாகாணமல்ல. 90 லட்சம் கடிதங்கள்! உரிமை எவ்வளவு பேருக்கு வாசல்வரை வராமல் நின்றிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2021-ஆம் ஆண்டுக் கணக்கை அனுப்பிக் கேட்பதற்கு 2025 ஏப்ரல் 15 வரை அவகாசம் இருந்தது. கெடு முடிந்தது. கேட்காமல் விட்டவரின் குழந்தைப் பங்கு கஜானாவோடு நின்றுவிட்டது.

இந்த இருட்டில் லாபம் காண்போரும் உண்டு. கணக்கு எழுதிக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு அமெரிக்காவில் கொள்ளை வியாபாரம். இலவசமாக எழுதிக்கொள்ளத் தகுதி உள்ளவர்களைக் கட்டண வழிக்குத் திருப்பியதாக இன்டியூட் கம்பெனி மீது குற்றச்சாட்டு எழுந்து, 2022 மே மாதம் 14.1 கோடி டாலர் கொடுக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தாமே நேரடியாக, இலவசமாக எழுத உதவும் முறை ஒன்றை 2024-இல் வரி இலாகா 12 மாகாணங்களில் தொடங்கியது. 2025-இல் 25 மாகாணங்களுக்கு விரித்தது. அதன்பின் மூடிவிட்டது. ஏழைக்குத் திறந்த கதவு எவ்வளவு சீக்கிரம் சாத்தப்படுகிறது பாருங்கள்!

பெரிய கதவும் சாத்தப்பட்டது. 2021-இன் விரிந்த சலுகையை நீட்டிக்க முயன்றார்கள். செனட் சபையில் இரு தரப்பும் 50-க்கு 50. ஆளுங்கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜோ மேன்சின், அந்த மசோதாவுக்குத் தம் வாக்கு இல்லை என்று டிசம்பர் 19 அன்று அறிவித்தார். ஒரே வாக்கு! சலுகை பழைய நிலைக்குத் திரும்பிற்று. 2022-இல் குழந்தை வறுமை நூற்றுக்கு 12.4 ஆயிற்று, ஓராண்டில் இரு மடங்குக்கும் மேல்! 2025-இல் வந்த புதிய சட்டம் தொகையை 2,200 டாலராக உயர்த்தியது. ஆயினும், வருமானம் குறைந்தவருக்குச் சலுகையும் குறைவு என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது.

"உழைக்காதவனுக்கு ஏன் பணம்?" என்று அங்கே கேட்டார்கள். இங்கும் கேட்பவர் உண்டு. நாம் திருப்பிக் கேட்கிறோம்: மூன்று வயதுக் குழந்தை எந்த ஆலையில் உழைக்க வேண்டும்? கணக்கு அனுப்பாதவரெல்லாம் சோம்பேறிகளா? அவர்களில் எத்தனையோ பேர் துடைப்பமும் மண்வெட்டியும் பிடித்து உழைப்பவர்கள். உழைப்பு இருக்கிறது, கூலிதான் வரி வரம்பை எட்டவில்லை.

"கேட்காதது அவர்கள் தவறுதானே?" என்பது அடுத்த வாதம். வரி பாக்கி இருந்தால் சர்க்கார் கேளாமல் விடுமா? தேடி வருகிறது, நோட்டீஸ் அனுப்புகிறது, வட்டி போடுகிறது. வாங்கும்போது வீடு தெரிகிறது. கொடுக்கும்போது மட்டும் விலாசம் மறந்துவிடுகிறதா?

இந்தக் கதையில் நமக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொண்டர்கள் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் உட்கார்ந்து, காசு வாங்காமல் ஏழைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறார்கள். வரி இலாகாவே அவர்களுக்குப் பயிற்சி தருகிறது. மேடையில்லை, மாலையில்லை, ஒலிபெருக்கியில்லை. ஒரு மேசை, ஒரு பேனா, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்ற ஒரு கேள்வி. ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் அந்தக் கேள்வியால் கிடைத்துவிடுகிறது!

தோழர்களே, பாரத்தின் பின்னே நிற்கும் உரிமைகள் நம் நாட்டிலும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாதவனுக்கு அது இல்லை. பதிவைப் புதுப்பிக்க மறந்தவனுக்கும் சிக்கல்தான். சாரத்தில் ஏறிச் செங்கல் சுமக்கிறவனுக்குத் தேதி நினைவிருக்குமா? நினைவூட்ட யார் இருக்கிறார்கள்?

நாம் சொல்வது இதுதான். சலுகை எதுவானாலும், கேளாமலே கிடைக்கும்படி சட்டம் செய்யச் சொல்லிப் போராட வேண்டும். அது மன்றத்தில் நடக்கும் வேலை. அதுவரை, கேட்டால்தான் கிடைக்கும் என்றிருப்பதைக் கேட்டுப் பெற்றுக் கொடுக்க வேண்டும். அது தெருவில் நடக்கும் வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைப் பற்றி மட்டும் முழங்கிக்கொண்டிருந்தால், இன்று பள்ளிக்குப் போகும் குழந்தை நம் முழக்கம் பலிப்பதற்குள் வளர்ந்து பெரியவனாகிவிடும்.

வருகிற ஞாயிறன்று உங்கள் கிளை மன்றத்தில் ஒரு மேசை போடுங்கள். எழுதத் தெரிந்த இரு தோழர்களை உட்கார வையுங்கள். தெருவில் வீடு வீடாகச் சென்று கேளுங்கள்: வாரியத்தில் பதிவு உண்டா, புதுப்பித்தாயிற்றா, பிள்ளை எந்த வகுப்பு, மனு கொடுத்தாயிற்றா என்று. கொடுக்காதவர் பெயரை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மீண்டும் போய், கொடுத்தார்களா என்று பாருங்கள்.