எத்தனை வாரம்? கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்



நாள் தள்ளிப் போனதும் நர்சம்மாவிடம் போகிறீர்கள். அவர் "எட்டு வாரம்" என்கிறார். வெளியூர் வேலையிலிருந்து திரும்பிய கணவரோ, "நான் வந்தே ஆறு வாரந்தானே ஆச்சு?" என்று திகைக்கிறார். வீட்டில் வீண் சந்தேகம் கிளம்பிவிடுகிறது. உண்மையில் இருவர் சொல்வதும் சரியே. எப்படி?

கரு தங்கிய நாள் இன்னதென்று திட்டமாகச் சொல்வது கடினம். ஆனால் தூரமான நாள் பெண்ணுக்குத் தெரியும். ஆகவே டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்கு, அதிலிருந்து சுமார் 14-ம் நாளில்தான் கரு உண்டாகும். கரு இல்லாத அந்த இரண்டு வாரமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ஓர் உதாரணம்: மனைவி தூரமான முதல் நாள் மார்ச் 5. கணவர் ஊர் திரும்பியது மார்ச் 18. ஏப்ரல் 30-ல் பரிசோதித்தால், மார்ச் 5-லிருந்து 56 நாள், அதாவது 8 வாரம். கணவர் வந்து 6 வாரம். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

பேறுகாலம் அறிய, அந்த முதல் நாளுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். மார்ச் 5 என்றால் டிசம்பர் 12. இது சுமார் 40 வாரம். பிள்ளை அதே தேதியில்தான் பிறக்கும் என்பதில்லை; சில நாள் முன்பின் ஆகலாம். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால்தான் குறைமாதம்.

விலக்கு ஒழுங்காக வராதவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கருத்தடை மாத்திரையைச் சமீபத்தில் நிறுத்தியவர்கள், தேதி மறந்துபோனவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால், கருவின் நீளத்தை அளந்து வாரத்தைச் சொல்லிவிடுவார்கள். மாதம் ஏற ஏற அந்த அளவு அவ்வளவு சரியாக இராது. எனவே தள்ளிப் போடாதீர்கள்.

கரு தங்கிய பின்னும் சிலருக்கு லேசாக உதிரம் படும். அதை மாதவிலக்கு என்று எண்ணினால் கணக்குத் தவறும். நாள் தள்ளியபின் உதிரம் பட்டாலோ, வயிறு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாதாமாதம் முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கணவரும் குறிக்கலாம், வெட்கம் வேண்டாம். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். கணக்குப் புரியவில்லையா? அவரிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். கணக்குத் தெரிந்தால் கலக்கம் இல்லை!