சந்தையில் குதிரை வாங்கப் போறீங்களா? முதலில் பல்லைப் பாருங்க!

அந்தியூர்:
ஈரோடு மாவட்டம் அந்தியூர் அருகே புதுப்பாளையம் குருநாதசாமி கோவில் ஆடித்திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் கால்நடை சந்தை கூடுகிறது. இங்கு மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வரும். மார்வாரி, கத்தியவார் இனக் குதிரைகளுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். வண்டி இழுத்து ஓய்ந்த குதிரை என்றால் விலை குறையும். 'பாவம், நாம வளர்ப்போம்' என்று வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களை கவனிக்க வேண்டும்.

வியாபாரி சொல்லும் வயசை அப்படியே நம்பக்கூடாது. கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் பால் பல் விழுந்து முளைத்திருந்தால் சுமார் 5 வயசு ஆகிவிட்டது என்று அர்த்தம். பல் தேய்ந்து, முன்பக்கம் சாய்ந்திருந்தால் கிழட்டுக் குதிரை.

அடுத்து கால். கல் தரையில் நடக்க விட்டுப் பாருங்க. வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும்.

'கிளாண்டர்ஸ்' நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்த சான்று கேளுங்க. இந்த நோய் மனுஷனுக்கும் தொற்றும். வீட்டுக்கு வந்ததும் கால்நடை டாக்டரிடம் காட்டி ரணஜன்னி ஊசி போட வேண்டும்.

தீனியை திடீரென மாற்றக்கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமா கொள்ளு, தவிடு சேர்த்துப் பழக்கணும்.

குதிரையின் ஆயுள் 25 முதல் 30 வருஷம். 15 வயசு குதிரையை வாங்கினால், இன்னும் 10 வருஷம் சோறு போடணும். முடியலைன்னு ரோட்டில் விட்டால் குதிரைக்கும் ஆபத்து, எதிரே பைக்கில் வருபவருக்கும் ஆபத்து.