கோழைக்குள் ஒரு குடியிருப்பு

செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்காமல் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் அதன்மேல் பச்சையாகக் களிம்பு பூக்கும். லத்தீனில் அந்தக் களிம்புக்கு ஏருகோ என்று பெயர். 1882இல் கார்ல் ழெசார் என்ற பிரெஞ்சுக்காரர், புண்ணுக்குச் சுற்றிய கட்டுத்துணி சில சமயம் நீலப்பச்சையாக மாறுவது ஏன் என்று ஆராயப் போய், அந்த நிறத்தைச் சுரக்கும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. களிம்பு நிறம்தான் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வளர்த்த தட்டைத் திறந்தால் திராட்சை வாசனை அடிக்கும். ஆய்வகத்தில் பழகியவர்கள் மூக்கை வைத்தே இது இன்னதென்று சொல்லிவிடுவார்கள்.

மண், குட்டை, குளியலறைத் தரை, பாத்திரம் துலக்கும் தொட்டியின் வாய் என்று ஈரம் தங்கும் இடமெல்லாம் இது இருக்கும். நாமும் மூச்சோடு இதை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நல்ல நுரையீரலுக்கு இதனால் ஒன்றும் நேராது. பழுதுபட்ட நுரையீரலில் நுழைந்துவிட்டால் கதை வேறு. ஒருமுறை வேரூன்றினால் ஆயுள் முழுக்க அங்கேயே தங்கிவிடக் கூடும். ஏன் அப்படி என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் என்று நான் நினைப்பது நீல்ஸ் ஹோய்பியை. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் மருத்துவ நுண்ணுயிரியல் பார்த்தவர்.

அவரிடம் சோதனைக்கு வந்த கோழை பெரும்பாலும் குழந்தைகளுடையது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் அவர்களுக்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான நகல் வந்து சேர்ந்தால் இந்த நோய் வரும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இது அதிகம். ஏழாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1989இல்தான் கண்டறியப்பட்டது. செல்லின் சவ்வில் உப்பு போய்வரும் வாசலைக் கட்டுவது அதன் வேலை. வாசல் சரியாகத் திறக்காவிட்டால் உப்போடு வரவேண்டிய நீரும் வராது. நம் மூச்சுக்குழாயில் மெல்லிய சளிப் போர்வை ஒன்று, நுண்மயிர்கள் தள்ளத் தள்ள, ஓயாமல் தொண்டையை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டி மேலே வந்துவிடும். நாமறியாமலே விழுங்கிவிடுவோம். இந்தக் குழந்தைகளுக்கு அந்தச் சளி, பதம் தவறி இறுகிய பாகுபோல் ஆகிவிடுகிறது. நுண்மயிர்களால் தள்ள முடிவதில்லை. சளி தேங்குகிறது, தேங்கிய இடத்தில் சூடோமோனாஸ் குடியேறுகிறது.

அக்கால வழக்கம் இப்படி: கோழையைத் தட்டில் தடவி வளர்ப்பார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகிறது என்று அறிக்கை எழுதுவார்கள். (இன்றும் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.) அறிக்கை சொன்ன மருந்தையே கொடுப்பார்கள். காய்ச்சல் தணியும், குழந்தை எழுந்து விளையாடும். சில வாரங்களில் அதே கிருமி, அதே இருமல். தட்டில் செத்த கிருமி நெஞ்சில் ஏன் சாகவில்லை?

1970களில் ஹோய்பி, வளர்ப்புத் தட்டோடு நிற்காமல் கோழையையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாக்டீரியாக்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை. குவியல் குவியலாக, ஏதோ ஒரு வழுவழுப்பான பொருளுக்குள் புதைந்து கிடந்தன. சுற்றிலும் வெள்ளையணுக்கள், உள்ளே போக வழியில்லாமல். இன்னொன்றையும் அவர் கவனித்தார். எந்த நோயாளியின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுதியோ, அவருடைய நிலைதான் மோசமாகிக்கொண்டு போனது. எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லது என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே உடம்பு தொடுத்த எதிர்ப்பே உடம்பின் திசுவைத் தின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில், கனடாவின் கால்கரியில் பில் காஸ்டர்டன் மலையோடைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓடும் நீரில் பாக்டீரியா கொஞ்சம்தான். ஓடைக்கல்லின் மேல் வழுக்கும் பூச்சிலோ எண்ணிலடங்காமல் இருந்தன. பாக்டீரியாவின் இயல்பான வாழ்க்கை தனியே நீந்துவதன்று, ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வதுதான் என்று 1978இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். இந்தக் குடியிருப்புக்கு பயோஃபிலிம் என்று பெயர். தமிழில் உயிர்ப்படலம் என்று சொல்லலாம். தண்ணீர்ப் பானையை நாலு நாள் கழுவாமல் விட்டால் உள்ளே விரலுக்கு வழுக்குமே, அதுவும் இதுதான். காலையில் பல்லில் நாக்கு உணரும் படிவும் இதுதான். ஹாலந்தின் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹுக் 1684 வாக்கிலேயே தன் பல் படிவில் வினிகரை விட்டுப் பார்த்து, வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்று குறித்திருக்கிறார். கோபன்ஹேகன் குழந்தைகளுக்கு மருந்து பலிக்காததன் சூட்சுமம் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

அது எப்படி என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். நுரையீரலில் சில காலம் தங்கிய சூடோமோனாஸ் தன் மரபணுவில் ஒரு மாற்றம் கண்டு ஆல்ஜினேட் என்ற பசையை ஏராளமாகச் சுரக்கத் தொடங்கும். கடற்பாசியிலிருந்து எடுத்து ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்க்கும் அதே வகைப் பொருள். பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று வேதிச் சமிக்ஞைகள் அனுப்பி, போதிய கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று அறிந்துகொண்டு நடக்கும். வெள்ளையணுக்கள் விழுங்க வருகின்றன. திரள் பெரிது, விழுங்க முடியாது. அங்கேயே செத்து, தம் நொதிகளைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாயின் சுவரை அரிப்பது அந்த நொதிகள்தாம். செத்த வெள்ளையணுக்களின் டிஎன்ஏ நூல் நூலாகக் கோழையில் கலந்து அதை மேலும் பிசுபிசுப்பாக்குகிறது. கோழை பச்சையாக இருப்பதும் பெரும்பாலும் வெள்ளையணுவின் ஒரு நொதியால்தான்.

மருந்து வரும்போது என்ன ஆகிறது? இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் நேர்மின்னூட்டம் கொண்டது. பசையும் டிஎன்ஏவும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. வழியிலேயே அதன் ஒரு பகுதி மாட்டிக்கொள்கிறது. தப்பிப் போனதும் வெளி அடுக்கைத்தான் கொல்கிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லை. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் வளராமல், பிரியாமல், ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன. பல ஆன்டிபயாட்டிக்குகள் வளரும் செல்லைத்தான் கொல்லும். உறங்குகிறதைத் தொடாது. மருந்தை நிறுத்தியதும் அவை விழித்துக்கொள்கின்றன. திரளில் உள்ள பாக்டீரியாவைக் கொல்ல, நீந்தும் பாக்டீரியாவுக்கு வேண்டியதைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அறிக்கை பொய் சொல்லவில்லை. நீந்தும் கிருமியைப் பற்றிய உண்மையைத்தான் அது சொன்னது. நெஞ்சில் இருந்தது வேறு நிலையில் இருந்த கிருமி.

படலம் என்ற சொல்லும் இங்கே முழுக்கப் பொருந்தாது என்பது பின்னால் தெரிந்தது. மாற்று அறுவையில் அகற்றிய நுரையீரல்களை ஆராய்ந்து 2009இல் ஹோய்பியின் குழுவினர் எழுதினார்கள்: இந்தத் திரள்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கவில்லை, கோழைக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. சில வகை மருந்தை மூச்சாக இழுத்துக் கோழையிலேயே சேர்ப்பது ஏன் பயனுள்ளது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோபன்ஹேகன் மருத்துவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: குடியிருப்பு எழும்பிய பிறகு இடிப்பது கடினம், எழும்பவே விடக்கூடாது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் கோழையையும் சோதித்தார்கள். சூடோமோனாஸ் தென்பட்டால், இருமல் காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டாலும், உடனே மருந்து: சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை, மூச்சில் இழுக்கும் கொலிஸ்டின், மூன்று வாரம். இந்த ஜோடியின் பொருத்தம் பிற்பாடு விளங்கியது. சிப்ரோஃப்ளாக்சசின் விழித்திருப்பதைக் கொல்கிறது, கொலிஸ்டின் உறங்குவதைக் கொல்கிறது. 1991இல் வெளியான ஆய்வில் 26 பேர். 27 மாதங்களில், மருந்து பெற்ற 14 பேரில் 2 பேருக்கே தொற்று நிலைத்தது. பெறாத 12 பேரில் 7 பேருக்கு நிலைத்துவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சூடோமோனாஸ் தென்பட்டதுமே மருந்து கொடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு அதுவும் ஓர் அடிப்படை.

தொற்று நோயாளியிடமிருந்து நோயாளிக்குத் தாவுவதையும் அவர்கள் கண்டார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து சூடோமோனாஸ் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனி நாளில் வரச்சொன்னார்கள். ஒரே நோயால் வாடும் இரு குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசக்கூட முடியாது. இந்த நோயில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மும்மருந்து மாத்திரை, அந்த உப்பு வாசலையே ஓரளவு திறக்கவைக்கிறது. கோழை இளகுகிறது, மூச்சு எளிதாகிறது. ஆனால் பல ஆண்டுகளாகக் கிருமி தங்கிய நெஞ்சில், மாத்திரைக்குப் பிறகும் அதே கிருமி குறைந்த அளவில் இருந்துகொண்டே இருக்கிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நம் ஊரில் அரிதாகவே கண்டறியப்படுகிறது. ஆனால் சூடோமோனாஸ் நமக்கு அந்நியமன்று. காசநோய் ஆறிய பிறகும் பலருக்கு மூச்சுக்குழாய் தழும்பேறி விரிந்துபோய், கோழை தேங்கும் பையாகிவிடுகிறது. பிராங்கியெக்டேசிஸ் என்பார்கள். இந்தியாவில் இந்த நோயுள்ள 2,195 பேரின் விவரங்களைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வில், காரணங்களில் முதலிடம் பழைய காசநோய்க்கு. கோழையில் அதிகம் கிடைத்த கிருமி சூடோமோனாஸ்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது இருமலும் கோழையும் வாரக்கணக்கில் நிற்காமல் இருந்தால், முன்பு காசநோய் வந்து குணமானவராக இருந்தால் இன்னும் முக்கியமாக, மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் கோழைப் பரிசோதனை கேளுங்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்தது வேண்டும். எச்சில் உதவாது. எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.