குளம் இறங்கும் மாசம்

குற்றாலம் என்றால் எல்லோருக்கும் ஆனி, ஆடிச் சாரல்தான். மாசியில் வந்து பாருங்கள். மெயினருவி வெள்ளை நூலாகத் தொங்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆனால் அங்கிருந்து கிழக்கே இறங்கி, தென்காசி தாண்டி, சுந்தரபாண்டியபுரம், கீழப்பாவூர், சுரண்டை என்று ஏதாவது ஒரு குளத்தாங்கரையில் ஏறி நின்றால் அங்கே சீசன் களைகட்டியிருக்கும். வந்திருக்கும் கூட்டம்தான் வேறு.

போன ஞாயிறு அக்கா மகனை விடியுமுன் எழுப்பி அப்படி ஒரு கரைக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததும் அவன் முகம் சுருங்கிவிட்டது. “என்ன மாமா, பாதிக் குளம் காஞ்சு கெடக்கு. மார்கழியிலயே வந்திருக்கலாம்லா?”

நல்ல கேள்வி. பதிலை முக்கு டீக்கடையில்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அதற்கு ஒரு வடைத் தட்டு தேவைப்பட்டது. தட்டில் கொஞ்சம் சாம்பாரை ஊற்றி ஒரு பக்கமாகச் சாய்த்தேன். கீழ்ப்பக்கம் சாம்பார் தேங்கி நின்றது. மேல்பக்கம் போகப் போக மெலிந்து, கடைசியில் வெறும் ஈரம். நம் பக்கத்துக் குளம் இப்படித்தான். மலை மேற்கே, சரிவு கிழக்கே. அதனால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும், மடைப் பக்கம் ஆழம். மேற்கே உள்வாய், அங்கே தண்ணீர் சாணாகி, விரற்கடையாகி, சேறாக முடியும். (காலையில் கரையேறி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவையும் மலையும் முகத்துக்கு நேரே. குளம் வெட்டிய முன்னோர் பறவை பார்ப்பவனுக்காக வெட்டவில்லை, இருந்தாலும் நன்றி.)

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி மறுகால் பாயும்போது இந்தத் தட்டு நிமிர்ந்து நிறைந்த மாதிரி. பார்க்க அழகு, தின்ன முடியாது. பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்கு நீந்தத் தெரிகிறதா என்பதல்ல விஷயம், கால் எட்டுகிறதா, கழுத்து எட்டுகிறதா என்பதுதான். முழுக்குப் போட்டு மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் ஆழம் பிரச்சினையில்லை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலைகீழாகக் கவிழ்ந்து அடிமண்ணை மேய்கிறவை, அவற்றுக்கு முழங்கால் ஆழம் போதும், அதற்கு மேல் போனால் அலகு எட்டாது. பவளக்கால் உள்ளானின் கால் ஒரு சாண். பொரி உள்ளானுக்குக் கணுக்கால்கூட ஆழம்தான். மஞ்சள் வாலாட்டிக்கு ஈர மண் இருந்தால் சரி.

தையில் பிசானப் பயிருக்கு மடை திறந்து திறந்து தண்ணீர் இறங்க, உள்வாயில் தினம் ஒரு முழம் புதுச் சேறு வெளியே வருகிறது. அதில் புழு, நத்தை, கோரைக் கிழங்கு, விதை. பந்தி நகர்ந்துகொண்டே இருக்கிறது, சாப்பிடுகிறவர்களும் கூடவே நகர்கிறார்கள். பாதி காய்ந்த குளத்தில் கூட்டம் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

“சரி மாமா, அந்த வாத்துக்குப் புருவம் வரைஞ்சாப்ல இருந்துச்சே?”

அதைச் சொல்லத்தான் மாசிவரை காத்திருந்தேன். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பிடரிவரை வளைந்து இறங்கும் வெள்ளைப் பட்டை உண்டு, திருநீற்றை விரலால் இழுத்த மாதிரி. ஐப்பசியில் வந்து இறங்கும்போது அது இருக்காது. வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் வாத்துகள் சிறகின் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும், சில வாரம் பறக்கவே முடியாது. அப்போது பளிச்சென்று இருந்தால் நரிக்கு விருந்து. அதனால் ஆணும் பெட்டையைப் போல மங்கிவிடும். அந்த வேஷத்தோடுதான் நம்மூர் வருகிறது. இங்கே தின்று, தேறி, தை மாசியில் மறுபடி மாப்பிள்ளைக் கோலம். ஜோடி சேர்வதும் பெரும்பாலும் இங்கேயேதான். சைபீரியாப் பக்கத்துக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் படலம் தென்காசியில் நடக்கிறது.

போகும் நாள் எப்படித் தெரிகிறது என்று கேட்டான். பகல் நீள்வதை வைத்து என்பது பொதுவான பதில். ஆனால் நம்மூரில் மார்கழிப் பகலுக்கும் மாசிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் கால் மணி நேரம்தான். ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் என்ற விஞ்ஞானி கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, பகல் 12 மணி இரவு 12 மணி என்று வருஷம் முழுக்க ஒரே ஒளியில் வளர்த்தார். வெளியே என்ன மாசம் என்று தெரிய வழியே இல்லை. இருந்தும் வலசைப் பருவம் வந்ததும் அவை ராத்திரி தூங்காமல் தவித்தன. கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது, பகல் வெளிச்சம் அதைச் சரிசெய்து வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு கோழிமுட்டைக்குச் சற்றுமேல் எடையுள்ள பொரி உள்ளானுக்குள் அந்தக் கடிகாரம் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் டீ ஆறிப்போகும்.

இந்தப் பக்கத்தில் பறவை பார்ப்பது புதுப் பழக்கமில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குளுவச் சிங்கன் மரத்திலேறி நின்று, கூழைக்கடாவும் செங்கால் நாரையும் வந்து இறங்குவதைச் சொல்லி, எந்தெந்தப் பற்றில் மேய்கின்றன என்று ஊர் ஊராக அடுக்குவான். அவன் கையில் கண்ணி, நம் கையில் பைனாகுலர். இலஞ்சி என்ற ஊர்ப்பெயருக்கே அகராதியில் குளம் என்ற பொருள் உண்டு. ‘பேரி’ என்று முடிகிற ஊர்ப்பெயர்களில் பலவும் பேரேரி சுருங்கியவை.

சிங்கன் வேலையை இன்று முறையாகச் செய்கிறார்கள். மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் குளங்களில் தன்னார்வலர்கள் கரையில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணுவது லேசல்ல. எங்கள் குளத்திலேயே நான் நாற்பது என்று எண்ணும்போது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது. மொத்தக் குளமும் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இடம் மாறி உட்கார்ந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

வரும் வழியில் இன்னொரு குளத்தையும் அவனுக்குக் காட்டினேன். பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் பொக்லைன் விட்டு, நான்கு பக்கமும் செங்குத்தாக, கிண்ணம் மாதிரி தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் நிறையவே கிடக்கிறது. அன்று அதில் இரண்டு நீர்க்காகம் இருந்தன, வேறொன்றும் இல்லை. தட்டைச் சாய்த்துக் காட்டிய பிறகு அவனுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊரில் தூர்வாரும் பேச்சு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மடைப் பக்கம் படிந்த வண்டலைத் தாராளமாக எடுக்கட்டும். உள்வாய்ச் சரிவில் மட்டும் பொக்லைனை இறக்க விடாதீர்கள்.