உத்திரங்களில் எழுதிய கதைகள்

1783-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'ஆன்டெலோப்' கப்பல் பசிபிக் கடலின் பலாவுத் தீவுகளின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கேப்டன் ஹென்றி வில்சனும் மாலுமிகளும் தீவு மக்களின் தயவில் பிழைத்து, புதிதாக ஒரு கப்பல் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களிடம் கேட்டறிந்து ஜார்ஜ் கீட் 1788-இல் வெளியிட்ட நூல் வழியே ஐரோப்பா பலாவை அறிந்தது. தீவு மக்களோ தங்கள் கதைகளை வேறோர் இடத்தில் பதிந்து வைத்தார்கள்: ஊர்த் தலைவர்கள் கூடும் சபைக்கூடத்தின் உத்திரங்களில்.

'பை' என்று அழைக்கப்படும் இக்கூடங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது ஐராய் ஊரில் இருக்கிறது. சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம். கூரை முகடு 40 அடி உயரம். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. மரங்களைத் துளையும் கழுந்துமாகக் கோத்து, தென்னைநார்க் கயிற்றால் இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. தலைவர்கள் அவரவர் தகுதிப்படி குறித்த இடத்தில் அமர்வார்கள்.

அண்ணாந்து பார்த்தால் கதைகள். உத்திரத்தின் பக்கவாட்டில் ஆழமில்லாமல் செதுக்கி, காவி மண், சுண்ணாம்பு, கரி ஆகியவற்றால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். மிலாத் என்ற மூதாட்டியின் கதையைப் பலாவில் அறியாதவர் இல்லை. அவள் முற்றத்துச் சீமைப்பலா மரத்தில் உள்ளீடற்ற ஒரு கிளை. அலை அடிக்கும்போதெல்லாம் அதன் வழியே மீன்கள் வந்து விழும். பொறுக்காத ஊரார் மரத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் கடல் பொங்கித் தீவையே மூழ்கடித்தது. பொறாமை ஊரைக் கெடுக்கும் என்ற பாடம், ஊர் வழக்குகளைப் பேசி முடிக்கும் தலைவர்களின் தலைக்கு நேர் மேலே!

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து வந்த ஆய்வுப் பயணத்தின்போது, 1909-10-இல், இனவியலாளர் அகஸ்டின் கிரேமர் இக்கூடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவர் மனைவி எலிசபெத் செதுக்கோவியங்களைப் பொறுமையாகப் படி எடுத்தார். பின்னர் பல கூடங்கள் அழிந்துபோனதால், அவர் தீட்டிய படங்களின் மதிப்பு அளவிட முடியாதது. டிரெஸ்டன் அருங்காட்சியகத்திலிருந்த பலாவு உத்திரங்களோ ஓவியர் கிர்ஷ்னரை ஈர்த்தன. அவருடைய நண்பர் பெக்‌ஷ்டைன் 1914-இல் பலாவுக்கே போய்ச் சேர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டதால் அதிக நாள் தங்க முடியவில்லை.

1929-இல் வந்த ஜப்பானியச் சிற்பி ஹிஜிகாதா, அதே கதைகளைச் சிறு பலகைகளில் செதுக்க இளைஞர்களைப் பழக்கினார். கோரோர் சிறைக் கைதிகள் இன்றும் அப்பலகைகளைச் செதுக்கி விற்கிறார்கள். மிலாத்தின் மரமும் அவற்றில் உண்டு.