உங்களுக்குத் தெரியுமா? குயில் முட்டையின் சிக்கனக் கணக்கு

நம்மூர்க் குயில் முட்டையிடுவது காக்கைக் கூட்டில். ஐரோப்பியக் குயில் தேடிப்போவதோ, சுமார் 12 கிராம் எடையுள்ள நாணல் கதிர்க்குருவியின் கூட்டை! குயிலின் எடை 100 கிராமுக்கும் மேல். முட்டை மட்டும் 3 கிராம் சொச்சம். இத்தனை பெரிய பறவைக்கு இது பொடி முட்டைதான். கூட்டுக்காரியின் முட்டையோடு ஒத்துப்போக வேண்டுமே! சத்துச் செலவும் மிச்சம். சில பெட்டைகள் ஒரே பருவத்தில் 20 முட்டைகூட இடுவதுண்டு. ஓட்டில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை, நல்ல கெட்டி.

இன்னொரு தந்திரமும் உண்டு. உருவான முட்டையைத் தாய்க்குயில் ஒரு நாள் கூடுதலாக வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே கரு வளரத் தொடங்கிவிடும். முந்திப் பொரிக்கும் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே உருட்டிவிடும். நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை.