காரைக் காக்கும் காவலாளி!

இரவு நேரம். பழைய கார் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே தாய், தந்தை, குழந்தைகள். திடீர் என்று முன் விளக்குகள் அணைந்து விடுகின்றன.

டிரைவர் பியூஸ் பெட்டியைத் திறக்கிறார். ஒரு பியூஸ் உருகிக் கிடக்கிறது. மாற்றுப் பியூஸ் இல்லை. சிகரெட் பெட்டியில் உள்ள ஈயத்தாளைச் சுருட்டி அங்கே செருகுகிறார். விளக்கு எரிகிறது! எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால், அவர் செருகியது ஈயத்தாள் அல்ல, நெருப்பு!

தான் அழிந்து காரைக் காக்கும்

பியூசுக்குள் மெல்லிய உலோகத் துண்டு இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால், அது உருகி அறுந்து விடும். மின்சாரம் நின்று விடும். ஒயர் தப்பி விடும்.

ஈயத்தாள் அப்படி உருகாது. அதற்குப் பதில் ஒயர் காய்ந்து சிவக்கும். அதன் மேலுறை தீப்பற்றும். பிறகு காரே எரியும்.

அமெரிக்க விஞ்ஞானி எடிசன் 1890-ம் ஆண்டிலேயே பியூசுக்குக் காப்புரிமை பெற்றார்.

எந்தப் பியூஸ் போடுவது?

கணக்கு எளிது. கார் பாட்டரி 12 வோல்ட். ஒரு விளக்கு 60 வாட் என்றால், இரண்டுக்கும் 120 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 10. அதாவது, 10 ஆம்பியர் மின்சாரம் ஓடுகிறது. சரியாக 10 ஆம்பியர் பியூஸ் போட்டால் அடிக்கடி உருகும். எனவே 15 போடுவார்கள். 30 போட்டால்? ஒயர் கருகினாலும் பியூஸ் உருகாது!

கணக்குப் போடத் தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். பெட்டியின் மூடியிலோ, கார் கையேட்டிலோ அளவு இருக்கும். தட்டைப் பியூசுகளுக்கு நிறமும் உண்டு. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பெட்டி பழுதானால்...

ஈரம் பட்டால் பியூசைப் பிடிக்கும் உலோகக் கவ்விகளில் பச்சைக் களிம்பு ஏறும். கவ்வி தளர்ந்தாலும் ஆபத்துதான். அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகும்.

முதலில் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பிறகு மெல்லிய உப்புத்தாளால் களிம்பைத் தேய்த்து எடுக்கலாம். தளர்ந்த கவ்வியைக் குறடால் மெதுவாக நெருக்கலாம். பெட்டி உருகி இருந்தால் புதிது மாற்றுவதே நல்லது.

புதிய பியூசும் உடனே உருகுகிறதா? ஏதோ ஒரு ஒயர் தோல் உரிந்து, காரின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பெரிய பியூசைத் தேடாமல், மெக்கானிக்கைத் தேட வேண்டும்.

மாற்றுப் பியூசுகள் நாலைந்தைக் காரில் வைத்திருப்பது நல்லது. அதன் விலை சில ரூபாய்கள்தான். அது காப்பதோ ஒரு குடும்பத்தை!